வாசுதேவநல்லூர் முதல் குற்றாலம் வரை

நுழையும்முன்

முன்பின் அறியாத ஊரில் ஒரு பகல் மட்டும் தங்க நேர்பவர் எதைக் காண்பார்? உயர்ந்து நிற்பதைக் காண்பார். பலர் கூடும் இடத்தைக் காண்பார். புகழ்பெற்ற பெயரைத் தேடிச் செல்வார். தென்காசிக் கோபுரமும் குற்றாலத்து அருவியும் அவ்வாறு தாமே கண்ணில் படுபவை. அதே சாலையில், நின்று கேட்டால் மட்டுமே புலப்படும் இடங்களும் உண்டு. இவ்விரு வகை இடங்களையும் ஒரே பகலில் கண்டு செல்லும் வழிப்பயணம் ஒன்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

மலையை வலப்புறம் வைத்து

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் தொடங்கிக் கேரளத்தின் கொல்லம் வரை செல்வது தேசிய நெடுஞ்சாலை 744. திருவில்லிப்புத்தூர், இராசபாளையம், சிவகிரி எனத் தெற்கு நோக்கி வரும் இச்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை பயணியின் வலப்பக்கம் கூடவே வருகிறது. சில இடங்களில் அது தொலைவில் நீலக்கோடாகத் தெரிகிறது. சில இடங்களில் வயலின் மறுகரையில் எழுந்து நிற்பது போல நெருங்கிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குளங்களை நிரப்ப, குளங்கள் நெல்லையும் கரும்பையும் வாழையையும் வளர்க்கின்றன. பெரும்பாலான வண்டிகள் இவ்வழியில் நிற்பதில்லை. ஓட்டுநரின் எண்ணமெல்லாம் குற்றாலத்தின்மேல் இருக்கும்.

சிவகிரியை அடுத்து வருவது வாசுதேவநல்லூர். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ளது இப்பேரூர். கடைத்தெருவும் பேருந்து நிறுத்தமும் தேநீர்க் கடைகளுமாகச் சாலையோரத்து ஊர்கள் பலவற்றைப் போலவே இதுவும் தோன்றும். சில நிமிடங்களில் வண்டி கடந்துவிடும். காலை வேளையில் இங்கு இறங்கி ஒரு மணி நேரம் செலவிடுபவருக்கு இரண்டு செய்திகள் காத்திருக்கின்றன.

முதலாவது, சிந்தாமணிநாதர் கோயில். சிவனும் உமையும் ஒரே திருமேனியில் பாதிப்பாதியாக அமைந்த மாதொருபாகன் வடிவத்தைப் பல கோயில்களின் சுவர் மாடங்களில் காணலாம். அவ்வடிவமே கருவறையில் மூலவராக எழுந்தருளியிருக்கும் கோயில்கள் மிகச் சில. திருச்செங்கோடு அவற்றுள் பலரும் அறிந்தது. வாசுதேவநல்லூர் பலரும் அறியாதது. இக்கோயிலின் தலமரம் புளி. புளிக்குச் சிந்தை என்றொரு பெயருண்டு என்றும், இறைவன் பெயர் அதிலிருந்து வந்தது என்றும் ஊரார் விளக்குவர்.

இரண்டாவது செய்தியைக் கண்ணால் காண இயலாது. அது ஒரு கோட்டையைப் பற்றியது.

மண்ணால் ஆகிய அரண்

வாசுதேவநல்லூரை அடுத்துள்ள நெற்கட்டும்செவலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்சி செய்தவர் புலித்தேவர். ஆர்க்காட்டு நவாபுக்காக வரி தண்ட வந்த கும்பினிப் படையைக் கர்னல் ஹெரான் நடத்திவந்தார். 1755-இல் அப்படை நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று, கைக்கொள்ள இயலாமல் திரும்பிச் சென்றது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-க்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி இது.

ஊரின் பெயரிலேயே அந்த எதிர்ப்பு தங்கியிருக்கிறது என்பர் இப்பகுதி மக்கள். நெற்கட்டும்செவல் என்று எழுதுவோரும் உளர். நெற்கட்டான்செவல் என்று வழங்குவோரும் உளர். வரியாக நெல் கட்டும் ஊர், கட்டமாட்டான் என்றவனின் ஊர் ஆயிற்று என்பது அவர்கள் தரும் விளக்கம். 'கட்டும்' உடன்பாடு, 'கட்டான்' எதிர்மறை. ஓர் ஊரின் வரலாறு இவ்விரு சொல்வடிவங்களுக்கு இடையே நிற்பது இலக்கணம் பயில்வோர் எண்ணி மகிழத்தக்கது.

புலித்தேவரின் அரண்களுள் வாசுதேவநல்லூர்க் கோட்டை முதன்மையானது. அதன் மதில்கள் மண்ணால் ஆனவை. மண்கோட்டை என்றதும் வலுவற்றது என்று நினைப்பது பிழை. கருங்கல் மதிலைப் பீரங்கிக் குண்டு தாக்கும்போது கல் பிளந்து சிதறுகிறது. ஒரு கல் பெயர்ந்தால் அதன்மேல் அமர்ந்த கற்களும் சரிகின்றன. அடர்த்தியாக மிதித்து எழுப்பிய தடித்த மண்சுவரோ குண்டை உள்வாங்கிக்கொள்கிறது. பகலில் விழுந்த பள்ளத்தை இரவில் நிரப்பிவிடலாம்.

1760-ஆம் ஆண்டின் இறுதியில் கும்பினியின் தளபதி யூசுப்கான் இக்கோட்டையைத் தாக்கினார். மருதநாயகம் என்றும் கான்சாகிபு என்றும் மக்கள் அறிந்த அவர், போர்க்கலையில் தேர்ந்தவர். எனினும் இழப்புடன் பின்வாங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு கூடுதல் வலிமையுடன் வந்து கைப்பற்றினார். (கும்பினிக்காக இத்தனை கோட்டைகளை வென்றவரை, 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டதும் அதே கூட்டணிதான்.) 1767-இல் புலித்தேவரின் வீரர்கள் மீண்டும் வாசுதேவநல்லூரில் அரண் கொண்டபோது, கர்னல் கேம்பெல் முற்றுகையிட்டார். பீரங்கி பிளந்த இடங்களை உள்ளிருந்தோர் வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைத்துக்கொண்டே போரிட்டனர் என்றும், இறுதியில் கடும் மழை பெய்த இரவொன்றில் வெளியேறி மலைக்காட்டுள் புகுந்தனர் என்றும் கூறுவர். மதில் வீழ்ந்ததை எழுதிய படைத்தலைவர்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. இருட்டில் வைக்கோல் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி போன்ற சிலரின் பெயர்களை மக்கள் நினைவு காப்பாற்றியிருக்கிறது.

பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், அவர்களது கோட்டைகளை இடித்துவிடுமாறு கும்பினி ஆணையிட்டது. கல்கோட்டை இடிந்தாலும் கல் கிடக்கும். மண்கோட்டை இடிந்தால் வயலோடு வயலாகிவிடும். எனவே, பீரங்கியைத் தாங்கிய அந்த மதில்களைக் காண வாசுதேவநல்லூரில் இறங்கும் பயணி நிலத்தையும் மலையையும் மட்டுமே காண்பார். நெற்கட்டும்செவலில் அரசு அமைத்துள்ள நினைவு மாளிகை உண்டு. சங்கரன்கோவிலில் புலித்தேவர் இறைவனோடு கலந்து மறைந்தார் என்னும் நம்பிக்கையும் அங்குள்ள கோயிலில் அவர் பெயரால் வழங்கும் அறையும் உண்டு. கோட்டை இருந்த ஊரிலோ, அதைப் பற்றிக் கேட்பவருக்கு முதியோர் எவரேனும் கைநீட்டித் திசை காட்டினால்தான் உண்டு.

இராச கோபுரத்தின் வாயிலில்

வாசுதேவநல்லூரை அடுத்த புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்றது. சந்தை நாளில் சாலை வரை அதன் மணம் வரும். கடையநல்லூரைத் தாண்டியதும் சற்றுத் தொலைவில் தென்காசிக் கோபுரம் தெரியத் தொடங்குகிறது. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவர் என்பதால் பயணி அதற்கு முன் வந்து சேர்வது நல்லது.

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பிற்காலப் பாண்டியர் தென்காசியைத் தம் தலைநகராகக் கொண்டனர். காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் எழுப்பத் தொடங்கியவர் பராக்கிரம பாண்டியர். வடகாசி வரை சென்று வழிபட இயலாதவர்களுக்காக இங்கு ஒரு காசி அமைந்தது. எறும்புகள் ஊர்ந்து சென்ற வழியே மன்னர் நடந்து, செண்பகவனத்தில் சிற்றாற்றங்கரையில் இலிங்கத்தைக் கண்டார் என்பது தலபுராணக் கதை. ஒன்பது நிலைக் கோபுரத்தின் பணி அவர் தம்பி குலசேகர பாண்டியர் காலத்தில் நிறைவுற்றது என்பர். இம்மரபில் வந்த அதிவீரராம பாண்டியர், நைடதமும் வெற்றிவேற்கையும் இயற்றிய புலவர். நாடு சுருங்கிய காலத்தில் இம்மன்னர்கள் கோயிலிலும் தமிழிலும் தம் கருத்தைச் செலுத்தினர்.

கோபுர வாயிலுக்குள் நுழையும்போது எதிரே வந்து மோதும் காற்று இக்கோயிலின் புகழ்பெற்ற அனுபவம். ஆடி மாதத்தில் மேலாடையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டைக்கு அப்பால், மலைத்தொடரில் ஒரு கணவாய் உள்ளது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு பகுதி அவ்வழியே புகுந்து சமவெளிக்கு இறங்குகிறது. அகன்ற வெளியில் வரும் காற்று குறுகிய வாயிலில் நுழையும்போது விரைவு மிகுகிறது. கோயிலைக் கிழக்கு நோக்கி அமைத்தவர்கள் இதை எதிர்பார்த்தார்களா என்பது வேறு. வெயிலில் வந்தவருக்கு வாயிலிலேயே களைப்பு நீங்கிவிடுகிறது. உள்ளே மண்டபத் தூண்களில் வீரபத்திரர், மன்மதன், இரதி முதலிய ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன. விரல் நகத்தையும் அணிகலனின் கண்ணியையும் கல்லில் பிரித்துக் காட்டிய உளி அது.

ஆயினும் இக்கோயிலில் காணத்தக்கவற்றுள் தலையாயது எது என்று கேட்டால், கல்வெட்டைத்தான் சொல்லவேண்டும். கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னரின் வெற்றியையும் கொடையையும் பேசும். கொடையை அழிப்பவர் இன்ன பாவம் அடைவர் என்று அச்சுறுத்தும். பராக்கிரம பாண்டியரின் பாடற்கல்வெட்டு வேறொரு குரலில் பேசுகிறது. இக்கோயிலில் காலப்போக்கில் குறை ஏதேனும் நேருமாயின், அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவர் திருவடியில் தாம் வணங்குவதாக மன்னர் கூறுகிறார். எந்தக் குலத்தவர், எந்த நாட்டவர், எந்த நூற்றாண்டினர் என்று அவர் வரையறுக்கவில்லை. இன்னும் பிறக்காத ஒருவரை முடிமன்னர் ஒருவர் முன்கூட்டியே வணங்கி வைத்திருக்கிறார்.

மன்னர் அஞ்சியது பின்னாளில் நேர்ந்தது. கோபுரம் சிதைந்தது. மேல்நிலைகளை இழந்து, பிளந்த உடலுடன், பல தலைமுறைக் காலம் அது நின்றது. தென்காசியின் முதியோர் பலர் தம் இளமையில் கண்டது இன்றைய கோபுரத்தை அன்று, மொட்டைக் கோபுரத்தைத்தான். மக்களின் நன்கொடையும் பலரின் உழைப்பும் ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழ 180 அடி உயரத்திற்கு மீண்டும் எழுந்த கோபுரத்திற்கு 1990-இல் குடமுழுக்கு நடந்தது. ஐந்து நூற்றாண்டுக்கு முன் பொறித்த வேண்டுகோளுக்கு, சுண்ணமும் செங்கல்லும் சுமந்தவர்கள் விடையளித்தனர். சாலையில் வரும் பயணி தொலைவிலிருந்து கண்டு வியப்பது அந்த விடையைத்தான்.

'பார்டர்' என்னும் ஊர்ப்பெயர்

நண்பகல் உணவுக்குச் செங்கோட்டைச் சாலையில் பிரானூர் வரை செல்வது வழக்கம். பேருந்து நடத்துநர் 'பார்டர்' என்று குரல் கொடுப்பார். இறங்குபவர் சுற்றிப் பார்த்தால் எல்லை எதுவும் தெரியாது. கேரள எல்லை இன்னும் மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது. பின் ஏன் இப்பெயர்?

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதியாக இருந்தது. மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்ட அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதுவரை இரு ஆட்சிகளும் சந்தித்த இடம் பிரானூர். எல்லை நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. ஊரை விட்டு எழுந்து போன எல்லைக்கோட்டை ஒரு புரோட்டாக் கடைவீதி நினைவில் வைத்திருக்கிறது. வாசுதேவநல்லூர்க் கோட்டைக்கு இத்தகைய வாய்ப்புக்கூடக் கிட்டவில்லை.

செங்கோட்டை, 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் ஊருமாகும். நேரமிருப்பவர் அங்குள்ள அவர் சிலையைக் கண்டு திரும்பலாம்.

சாரல்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். சூன் முதல் ஆகத்து வரை இச்சாலையில் வெயிலும் மழையும் ஒன்றாக நடக்கும். மழை என்று சொல்லக் குடை விரிக்குமுன் நின்றுவிடும். நின்றது என்று குடையை மடக்குமுன் நனைத்துவிடும். இதற்குத் தமிழில் 'சாரல்' என்று தனிச்சொல் உண்டு. மலையின் மேற்குப் பக்கம் பொழிந்து தீர்ந்த மேகத்தின் மிச்சத்தைக் கணவாய்க் காற்று கிழக்கே தூவிவிடுகிறது. சாலையோரக் கடைகளில் மங்குசுத்தானும் இரம்புத்தானும் குவிந்திருக்கும்.

குற்றாலம் என்பது ஓர் அருவியன்று. பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழத்தோட்ட அருவி, பழைய குற்றாலம் எனக் கீழே உள்ளவை சில. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மேலே காட்டினுள் உள்ளவை. பேரருவியின் நீர் நேராகக் குளிப்பவர் தலையில் விழுவதில்லை. இடையில் உள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்கிடங்கில் விழுந்து, தன் வேகத்தை அங்கே இழந்து, நிரம்பி வழிந்த பின்னரே கீழிறங்குகிறது. அக்கிடங்கு இல்லையேல் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரின் கீழ் எவரும் நிற்க இயலாது. அருவியின் பேரழகைப் பாடியவர் பலர். இந்தப் பள்ளத்திற்கு நன்றி சொன்னவர் குறைவு.

மலைவளத்தைக் குறத்தியின் வாயால் சொல்லவைத்த குற்றாலக் குறவஞ்சி பிறந்தது இங்கேதான். அதன் ஆசிரியர் திரிகூடராசப்பக் கவிராயர், அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று வழங்கியது. கம்பரைப் படிக்கும் முறையைப் பிற்காலத்தவருக்குக் கற்பித்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாதரும் (1882-1954) குற்றாலத்தில் வாழ்ந்தவர். இராசாசியும் கல்கியும் அவரைத் தேடி இங்கு வந்தனர். சாரல் காலத்தில் அருவியில் குளித்து, ஈரம் உலருமுன் கம்பராமாயணம் கேட்பது அன்றைய குற்றாலத்தின் ஒரு முகம்.

இன்றைய குற்றாலத்தில் அருவிக்கு முன் வரிசை நிற்கிறது. எண்ணெய், வழலை, ஷாம்பு ஆகியவற்றுக்குத் தடை என்னும் அறிவிப்பு தெரிகிறது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்த தடை இது. ஒரு பகலுக்கு வந்துசெல்பவர் தலையில் தேய்த்த எண்ணெய், சிற்றாற்றின் வழியே தென்காசிக்குச் செல்கிறது. ஆங்காங்கே கால்வாய் பிரிந்து வயலுக்குச் செல்கிறது. எஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. வழிநெடுகிலும் அந்த நீரை நம்பி ஊர்கள் இருக்கின்றன. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் செல்லும் காட்டுவழி வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. வந்தவர் சிலர் இதனால் ஏமாற்றம் அடைவர். ஆனால், மழையில்லா நாளிலும் கீழே நீர் வடிவதற்குக் காரணம் மேலே மிதிபடாமல் கிடக்கும் அந்தக் காட்டு மண்தான். மழையை அது உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது.

அருவிக்கு வேறொரு முகமும் உண்டு. இங்குள்ள ஓடைகள் நீளம் குறைந்தவை, சரிவு மிக்கவை. மலையுச்சியில் பெருமழை கொட்டினால், அதே நேரத்தில் கீழே வானம் தெளிந்திருந்தாலும், சில நிமிடங்களில் வெள்ளம் வந்து சேரும். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அவ்வாறு திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச்செல்லப்பட்டு உயிரிழந்தார். குளிக்கத் தடை என்று காவலர் கயிறு கட்டும் நாள்களில், தொலைவிலிருந்து வந்தவர்கள் வாதிடுவதைக் காணலாம். தண்ணீர் அளவாகத்தானே விழுகிறது என்பது அவர்கள் வாதம். உள்ளூர்க்காரர்கள் அருவியைப் பார்ப்பதில்லை, மலையுச்சியைப் பார்க்கிறார்கள். உச்சி கறுத்திருந்தால், தெளிந்த நீர் செம்மண் நிறமாக மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், கயிறு கட்டும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. வெளியூரார் ஒரு பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய உள்ளூர் அறிவுகளுள் இதைவிடப் பயனுடையது வேறில்லை.

வண்ணத்தில் ஆடும் கூத்தர்

மாலையில் கோயில் நடை திறக்கும். அருவியை ஒட்டிய குற்றாலநாதர் கோயில் மேலிருந்து நோக்கினால் சங்கின் வடிவில் அமைந்தது. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் அங்குள்ள குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியுள்ளார். மரம் ஒன்று தனக்கெனப் பதிகம் பெற்ற பெருமை அது.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, குளக்கரையில் உள்ளது சித்திர சபை.

தெரிந்து தெளிவோம்: ஆடல்வல்லானுக்கு உரிய மன்றங்கள் ஐந்து. தில்லையில் பொன்மன்றம், மதுரையில் வெள்ளி மன்றம், திருவாலங்காட்டில் மணிமன்றம், திருநெல்வேலியில் செம்பு மன்றம், குற்றாலத்தில் சித்திர மன்றம்.

இங்கு வழிபடப்பெறும் கூத்தர் வண்ணத்தால் தீட்டப்பெற்றவர். சுவர்களில் புராணக் காட்சிகள் இயற்கை வண்ணங்களில் நிறைந்திருக்கின்றன. இருட்டும் குளிர்ச்சியும் உள்ள கூடத்தில் கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பழகியபின் ஒவ்வொன்றாக உருவங்கள் வெளிவரும். அருவியில் நனைந்த கூட்டத்தில் மிகச் சிலரே இவ்வளவு தூரம் வருகின்றனர். வண்ணம் கல்லைப்போல் உறுதியானதன்று. புகை, ஈரம், தொடும் விரல் ஆகிய மூன்றும் அதற்குப் பகை. சாரல் காற்று ஆண்டில் பல மாதம் ஈரத்தோடு வீசும் ஓர் ஊரில் ஓவியத்தையே இறைவனாக வைத்தவர்கள், அடுத்த தலைமுறை அதைத் துடைத்துக் காத்துத் திரும்பத் தீட்டும் என்று நம்பியிருக்கவேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பயணி வெளியே வருகிறார். மேற்கே கணவாய்ப் பக்கம் வானம் இருண்டிருக்கிறது. நாளைக் காலை அவர் கொல்லம் செல்லும் வழி அதுதான். 1904 முதல் தொடர்வண்டியும் அவ்வழியே சென்றுவருகிறது. தங்கும் விடுதிக்காரர் சன்னலைச் சாத்திக்கொள்ளுமாறு சொல்லிவிட்டுப் போகிறார். இரவில் காற்று வலுக்கும்.